கோல் போடாத வீரர்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நான் ஒரு பிசகு செய்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளியுடன் நடந்த கால்பந்தாட்டத்தில் எங்கள் பையன்கள் 2–0 என்ற கணக்கில் ஜயித்திருந்தார்கள். அந்தச் செய்தியை எழுதி வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. கோல் போட்ட இரண்டு பையன்களின் பெயர்களையும் கம்பீரமாக வாசித்தேன். கரகோஷம் எழுந்தது. திருப்தியுடன் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து நின்றான். நம் மைதானங்களில் 'பேக்' என்று சொல்கிறார்களே, கோலுக்கு முன்னால் நின்று எதிரிகளை மறிக்கும் ஸ்தானம், அதில் ஆடுகிறவன். முழங்காலில் போட்ட கட்டு இன்னும் அவிழவில்லை.

"ஸார், அடுத்த ஆட்டத்தில் என்னை முன்னாலே போடுங்கள். இல்லாவிட்டால் நான் ஆட வரவில்லை" என்றான்.

"ஏனப்பா?"

"பின்னாலே நின்று ஆடுகிறவனை யார் ஸார் பார்க்கிறார்கள்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கலாசாலை நாட்களில் நானும் பேக்காக ஆடியவன்தான். பையனுடைய கேள்வி நியாயமானது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பந்து கோலுக்குள் போய்விட்டால், "பேக் கோட்டைவிட்டான்" என்று ஊரே சொல்லும். போகாவிட்டாலோ, ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம். ஒன்றும் நடவாமல் பார்த்துக் கொள்வதே அவனுடைய தொழில். நடவாத காரியத்துக்கு மாலை போடுவார் யார்?

அன்றிரவு லூக்காஸ் ரடேபே என்பவரின் ஞாபகம் வந்தது. மறுநாள் பையனை அழைத்து வைத்துக்கொண்டு அவருடைய கதையைச் சொன்னேன்.

ரடேபே 1969-ம் வருஷம், தென்னாப்பிரிக்காவில் ஜோஹான்னஸ்பர்க் நகரை அடுத்த ஸொவெடோவில் பிறந்தார். பெற்றோருக்குப் பதினொரு குழந்தைகள். காந்திஜிக்குச் சத்தியாக்கிரகம் என்ற ஆயுதம் கிடைத்த அதே தேசந்தான். அவர் 1914-ல் அங்கிருந்து புறப்பட்ட பிறகும் நிற வேற்றுமை ஒழியவில்லை. 1948 முதல் அது அரசாங்கத்தின் கொள்கையாகவே ஆகிவிட்டது. கறுப்பு மக்களை நகரத்துக்கு வெளியே ஒதுக்கி வைத்த இடம் ஸொவெடோ. அங்கே தெருவில் கலகமும் துப்பாக்கிச் சத்தமும் ஓயாததைக் கண்டு, பதினைந்தாவது வயதில் பிள்ளையைப் பெற்றோர் வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டத்தில் அவர் முதன் முதலில் ஏற்ற வேலை கோல் கீப்பர் வேலை. பிறகே நடு ஆட்டக்காரராகி, கடைசியில் பேக் ஆனார். 1989-ல் கைஸர் சீப்ஸ் என்ற பிரசித்தி பெற்ற கோஷ்டியில் சேர்ந்தார். 1991-ல் ஒரு நாள், சொந்தப் பேட்டையிலேயே யாரோ அவரைச் சுட்டார்கள். குண்டு முதுகில் பாய்ந்து தொடை வழியாக வெளியே போயிற்று. சுட்டவன் அகப்படவேயில்லை. உயிர் பிழைத்ததே தெய்வாதீனம், காலும் பிழைத்தது.

நிற வேற்றுமையின் காரணமாக உலகக் கால்பந்துச் சங்கம் தென்னாப்பிரிக்காவை 1976-ல் அடியோடு விலக்கி வைத்திருந்தது. 1992-ல்தான் மறுபடி சேர்த்துக்கொண்டது. அந்த வருஷம் ஜூலை 7-ந் தேதி டர்பன் நகரில் காமெரூன் தேசத்துடன் நடந்த ஆட்டத்தில், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கோஷ்டியாக இறங்கி 1–0 என்று ஜயித்தார்கள். குண்டடி பட்டு ஒரு வருஷமே ஆகியிருந்த ரடேபேயும் அந்தக் கோஷ்டியில் இருந்தார்.

மண்டேலா ஜனாதிபதியான 1994-ம் வருஷத்தில், இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கோஷ்டியார் அவரை விலைக்கு வாங்கினார்கள். விலை 2,50,000 பவுன். ஆனால் அவர்கள் முக்கியமாக விரும்பியது அவரையல்ல. கோல் போடுவதில் கெட்டிக்காரரான பிலிமோன் மஸிங்கா என்ற இன்னொரு தென்னாப்பிரிக்கரைத்தான். அன்னிய தேசத்தில் மஸிங்காவுக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று ரடேபேயையும் சேர்த்துக் கொண்டதாகச் சொல்வார்கள். காய்கறிக்காரி கொசுறாகப் போடும் கறிவேப்பிலை மாதிரி!

அவர் போய்ச் சேர்ந்த ஊரும் லேசானதல்ல. தென்னாப்பிரிக்காவிலிருந்து அங்கே முன்பே சென்றவர் ஆல்பர்ட் ஜோஹான்னஸன். 1965-ல் இங்கிலாந்தின் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடிய முதல் ஆப்பிரிக்கக் கறுப்பர் அவர். மைதானத்தில் வசைகளைக் கேட்டுக்கேட்டு மனம் நொந்து, பின்னாளில் குடிக்கும் வறுமைக்கும் இரையானார். 1995-ல் அதே லீட்ஸ் நகரில், தன்னந்தனியாக ஓர் அறையில் இறந்து கிடந்தார். 1980-களில் அந்த மைதானத்து வாசலிலேயே நிறவெறிக் கட்சியாரின் பத்திரிகைகள் விலை போயின. அதைச் சகியாத ரசிகர்கள் சிலர் 1987-ல் எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களுடைய பிரயாசையால் காற்று மெள்ள மாறிற்று.

ரடேபேக்கும் தொடக்கத்தில் குளிரும், காயமும், தனிமையுந்தான். 1996-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் நடந்த ஆட்டத்தில் லீட்ஸின் கோல் கீப்பரை நடுவர் வெளியேற்றிவிட்டார். மாற்றுக் கீப்பர் இல்லை. பாலியத்தில் பழகிய வேலையை ரடேபே மறுபடி ஏற்று நின்றார். ஒரே ஒரு கோலில்தான் லீட்ஸ் தோற்றது. அந்த வருஷமே மஸிங்கா லீட்ஸை விட்டுப் போய்விட்டார். கொசுறு, பதினொரு வருஷம் நிலைத்தது!

1998-ல் ரடேபே லீட்ஸின் காப்டன் ஆனார். அதே வருஷத்து உலகக் கோப்பையில் தம் தேசத்துக்கும் அவரே காப்டன். 2001-ல் மண்டேலா லீட்ஸுக்கு வந்தபோது, இவரே தம் ஆதர்ச வீரர் என்று சொன்னாராம். இருபத்தேழு வருஷம் சிறையில் அசையாமல் நின்றவருக்கு, நின்று காப்பதன் அருமை தெரியாமலிருக்குமா?

2002-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி மாலை, விடுதிக் கூடத்து டெலிவிஷன் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஆட்டம். 2–1 என்று பின்தங்கியிருந்த வேளையில், காப்டன் ரடேபே முன்னேறிச் சென்று தலையால் முட்டிக் கோல் போட்டார். கணக்குச் சமமாயிற்று. மூன்றே நிமிஷத்தில் ஸ்பெயின் மறுபடி முந்தி, 3–2 என்று ஜயித்தது. அப்போதும் தென்னாப்பிரிக்காவுக்கு வழி இருந்தது. ஆனால் அதே நேரத்தில் வேறொரு மைதானத்தில், ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கையில், பராகுவே தன் மூன்றாவது கோலைப் போட்டது. புள்ளிகள் சமம், கோல் வித்தியாசமும் சமம். மொத்தக் கோல்களில் பராகுவேக்கு ஆறு, தென்னாப்பிரிக்காவுக்கு ஐந்து. ஒரே ஒரு கோலில் ஊர் திரும்பினார்கள். தம் வாசலைக் காக்கலாம். எங்கோ இருக்கும் வாசலை யார் காக்க முடியும்?

லீட்ஸும் கடனில் மூழ்கி, ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக விற்று, 2004-ல் முதல் வகுப்பிலிருந்து இறங்கிற்று. ரடேபே விட்டுப் போகவில்லை. 2005-ல் அவருடைய விடைபெறும் ஆட்டத்துக்கு 37,000-க்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். லீட்ஸுக்காக லீக் பந்தயத்தில் அவர் ஆடியவை 200 ஆட்டங்கள். அவற்றில் போட்ட கோல், ஒன்றுகூட இல்லை.

கதையை முடித்துவிட்டுப் பையனைப் பெருமையாகப் பார்த்தேன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"ஆனால் ஸார், உங்களுக்குக்கூட ஸ்பெயினுக்கு எதிரே அவர் போட்ட கோல்தானே நினைவில் இருக்கிறது?"

வெட்கத்துடன் ஒப்புக்கொண்டேன். அவர் மறித்த பந்துகளில் ஒன்றையாவது என்னால் இன்னதென்று வர்ணிக்க முடியவில்லை. காப்பவனை மறந்து போவது உலகத்தின் சுபாவம் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். பேக்காக ஆடிய நானே, பேக்கை மறந்து பெயர் வாசித்தவன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை பையன் தன் பழைய ஸ்தானத்திலேயே ஆடினான். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆட்டம் 0–0 என்று முடிந்தது. திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் முதலில் கோல் கீப்பர் பெயரையும், பிறகு இரண்டு பேக்குகளின் பெயரையும் வாசித்தேன். எதற்காக என்று விளங்காமல் பிள்ளைகள் சற்றே தயங்கினார்கள். பிறகு கை தட்டினார்கள். அவன் தலை குனிந்து தன் முழங்காலையே பார்த்துக் கொண்டிருந்தான்.