ஒலியை அடைத்துவிட்டு எழுதிய தாலாட்டு

கணினியில் இசைக்குறிப்பு எழுதப் பழகும் எவரும் முதல் நாளே ஒன்றைக் கவனிப்பர். ஒரு சுரத்தைப் பதிந்தவுடன் கணினி அதை ஒலித்துக் காட்டும். 'சி' விசையைத் தட்டினால் 'சி' ஒலிக்கும். அம்புக்குறியால் அரைச் சுரம் ஏற்றினால் ஏறிய சுரம் ஒலிக்கும். மாணவர்கள் பலர் பயன்படுத்தும் மியூஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் நாம் கேட்காமலே இவ்வசதி திறந்திருக்கும். நல்லதுதானே என்பீர்கள். மூன்று மாதமாக எனக்கு இதனோடுதான் சண்டை.

நான் எழுதிக்கொண்டிருந்தது என் பாட்டியின் தாலாட்டு. செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தம் அம்மா பாடக் கேட்டுப் பாட்டி கற்றது. இப்போது ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், வயது 81. எங்கள் குடும்பத்தில் அந்தப் பாட்டை முழுதாக அறிந்தவர் வேறு யாரும் இல்லை. கைப்பேசியில் நான்கு நிமிடம் பதிந்து வைத்திருக்கிறேன். சங்கத்தின் கலை இரவுக்காக அதை வயலின், செல்லோ, கிளாரினெட் மூன்றுக்கும் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். வாசிக்கப்போகும் நண்பர்கள் சீனரும் மலாய்க்காரரும். அவர்களுக்கு ச ரி க ம தெரியாது. ஐந்து கோடுதான் தெரியும். எனக்கும் அந்த ஐந்து கோடு தமிழ்ப்பள்ளியில் வந்ததன்று. இடைநிலைப்பள்ளியின் வாத்தியக் குழுவில் வந்தது.

பாட்டியின் ஆதாரச் சுருதி 'ஏ'வுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. மென்பொருளோ 'ஏ' என்றால் 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி ஒலிக்கிறது. பதிவைக் கேட்டு, குரலை நினைவில் பிடித்தபடி ஒரு சுரத்தைத் தட்டினால், பியானோ ஒலி குறுக்கே புகுந்து வேறொன்றைச் சொல்லும். அடுத்த சுரம் நினைவிலிருந்து நழுவிவிடும். மறுபடியும் கைப்பேசி. நான்கு சுரம் எழுதக் கால் மணி நேரம் ஆனது.

விருப்பத்தேர்வுகளில் சுரப்பதிவுப் பகுதிக்குப் போனால், திருத்தும்போது சுரத்தை ஒலிக்கவா என்று ஒரு சிறு கட்டம் உண்டு. எத்தனை மில்லி விநாடி ஒலிக்க வேண்டும் என்பதையும் அங்கேயே குறைக்கலாம். குறைத்துப் பார்த்தேன், கொசுக்கடி போல இருந்தது. கட்டத்தையே காலி செய்தேன். அறைத்தோழனுக்கும் அன்றுதான் நிம்மதி.

இளையராஜா வாத்தியம் எதையும் தொடாமல் தாளில் நேராக எழுதுவார் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த அவருடைய சிம்பொனியும் அந்தக் கையிலிருந்து வந்ததே. அவருக்கு மௌனம் போதும், எனக்குப் போதாது. எழுத்து விசையைத் தட்டும்போது மென்பொருள் முந்திய சுரத்துக்கு அருகில் உள்ள ஸ்தாயியைத் தானே தேர்ந்துகொள்ளும். பாட்டு கீழே இறங்க வேண்டிய இடத்தில் சுரம் மேலே போய் உட்காரும். ஒலி இருந்தால் காது உடனே பிடிக்கும். இல்லாவிட்டால் கண்தான் காவல். ஆகவே ஓர் அடி முழுவதும் மௌனமாக எழுதுவது, பிறகு இடைவெளி விசையை அழுத்திக் கேட்பது, அடுத்துப் பாட்டியின் பதிவைக் கேட்பது என்று ஓர் ஒழுங்கு அமைந்தது.

செல்லோவுக்கு இரண்டு தந்திகளைச் சேர்த்து எழுதும்போது மட்டும் ஒலியைத் திறந்தேன். அங்கே இன்னொரு கட்டம் இருக்கிறது. அது திறந்திருந்தால் ஒரு சுரத்தைச் சேர்த்ததும் அடுக்கு முழுவதும் ஒலிக்கும். மூடினால் புதிய சுரம் மட்டும் தனியே கேட்கும். புதிதாகச் சேர்த்தது சரிதானா என்றறிய எனக்குத் தனியே கேட்பதே உதவியது. கிளாரினெட் வேறு விதமான வேடிக்கை. பி-ஃபிளாட் கிளாரினெட்டில் 'ஏ' ஒலிக்க வேண்டுமானால் 'பி' என்று எழுத வேண்டும். கண் ஒன்றைப் படிக்க, காது ஒரு முழுச் சுரம் கீழே கேட்கும். கச்சேரிச் சுருதிப் பொத்தானை அழுத்தி, ஒலிக்கும் சுரத்திலேயே எழுதி முடித்தபின் மாற்றிக்கொள்வதே உத்தமம். யூஎஸ்பி வழியே கீபோர்டை இணைப்போருக்கு ஒரு சொல்: கீபோர்டு ஒரு முறையும் கணினி சற்றுத் தாமதித்து மறுமுறையும் ஒலிக்கும். இரண்டில் ஒன்றை அடைத்துவிடுங்கள்.

உண்மையான சிக்கல் காந்தாரத்தில் இருந்தது. பாட்டி ஏறும்போது அது சி-ஷார்ப்புக்கு அருகில் வருகிறது. இறங்கும்போது சி-ஷார்ப்பும் இல்லை, சாதாரண சி-யும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டு வருகிறது. கணினி சி-ஷார்ப்பை ஒலித்தால் பாட்டுக்குப் பிறந்தநாள் வீட்டுக் களை வந்துவிடும். சி-யை ஒலித்தால் ஒப்பாரியாகிவிடும். நாலைந்து முறை அப்படிக் கேட்டுவிட்டால் பாட்டியே அப்படித்தான் பாடினார் என்று காது சாட்சி சொல்லத் தொடங்கும். ஒலியை அடைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

இது கணினி கொண்டுவந்த சிக்கலும் அன்று. 1890களிலேயே சென்னையில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் உண்டு. மியூஸ்கோர் ட்ரில்லை ஒலிக்கும். ஒரு சுரத்தின் பண்புகளில் நுழைந்தால் செண்ட் கணக்கில் கீழிறக்கவும் விடும். நூறு செண்ட் ஓர் அரைச் சுரம். இறங்கும் காந்தாரத்தை நாற்பது செண்ட் இறக்கினேன். இடம் ஏறக்குறைய வந்தது, ஆட்டம் வரவில்லை.

மடிக்கணினியைப் பாட்டியிடம் கொண்டுபோய் ஒலிக்கவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான்யா இருக்கு. ஆனா இதுக்குப் பிள்ளை தூங்குமா?"

அன்றிரவே கிளாரினெட்டிடமிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டேன். அதற்கு இப்போது சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். தம்பூராவைப் போல நீளமாக ஊதினால் போதும். பாட்டு வயலினுக்கும் செல்லோவுக்கும் போனது. விரல் வழுக்க இடமுள்ள வாத்தியங்கள் அவை. இறங்கும் காந்தாரம் வரும் எட்டு இடங்களிலும் மேலே ஒரு சிறு அம்புக்குறி போட்டேன். நண்பர்களுக்குக் கணினியின் ஒலிக்கோப்பை அனுப்பவில்லை. தாளையும் பாட்டியின் நான்கு நிமிடப் பதிவையும் அனுப்பினேன். முதல் பக்கத்தின் தலையில், வேகம் எழுதும் இடத்தில், "முதலில் பாட்டியைக் கேட்கவும்" என்று மலாயில் எழுதியிருக்கிறேன்.