அம்மாவின் பெயர்

வானொலி கண்களைக் கேட்பதில்லை. அடுப்படிப் பெண்களுக்கு அது பிடித்ததற்கு அதுவே காரணம். டிவி முன்னால் உட்கார்ந்தால் 'வேலை இல்லையா?' என்பார்கள். அம்மிக்குப் பக்கத்தில் ரேடியோ பாடினால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

திருநெல்வேலி வானொலியின் நேயர் விருப்பத்துக்கு அம்மா 15 பைசா அஞ்சலட்டையில் எழுதிப்போடுவாள். ஒருநாள் அவள் பெயரை வாசித்தார்கள். வீட்டில் அவள் 'ஏட்டி', 'இந்தா' மட்டும்தான். முழுப்பெயரை அன்றுதான் நானே காதால் கேட்டேன். அரைத்த கையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

'பொம்பள பேரு ஊரெல்லாம் கேக்கணுமோ?' என்றார் அப்பா.

அதன்பிறகு என் பெயரில் எழுதினாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு பி. சுசீலாவின் பழைய பாட்டுகள்மேல் அத்தனை விருப்பமா என்று வானொலிக்காரர்கள் யோசித்திருப்பார்கள்.