தங்கை விட்டுச் சென்ற துண்டு

சென்ற ஆண்டு ஆவணியில் என் தங்கை பதினொரு ஆண்டுகளுக்குப் பின் ஊருக்கு வந்திருந்தாள். இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் அவள் வாழ்கிறாள். அங்கு நம்மவர் பலர் உளர். பிறர் வீடுகளைத் துப்புரவு செய்வதும் முதியோரைப் பராமரிப்பதுமே அவர்களிற் பலருக்குத் தொழில். தங்கைக்கும் அதுவே.

வந்த மூன்றாம் நாள், "அம்மாவுக்கு லசாஞ்ஞா செய்து கொடுக்கப் போகிறேன்" என்றாள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, சுத்த சைவம். பெயரைக் கேட்டதும், "அதென்ன பிள்ளை, மருந்தோ?" என்று கேட்டார்.

லசாஞ்ஞா என்பது மாத்தகடுகளை அடுக்கி வேகவைக்கும் ஓர் உணவு. பொலோஞ்ஞா நகரத்தார் கீரை சேர்த்துக் குழைத்த பச்சைத் தகடுகளுக்கிடையே இறைச்சிக் குழம்பை இடுவர். நேப்பிள்ஸ் நகரத்தார் ரிக்கொட்டா என்னும் பாற்கட்டியையும் சிறு இறைச்சி உருண்டைகளையும் இடுவர். எங்கள் வீட்டில் இவை ஒன்றும் ஆகா. ஆகவே தங்கை கத்தரிக்காயை எடுத்துக்கொண்டாள். சிசிலியரும் நம்மைப் போலவே கத்தரிக்காய்ப் பிரியர்களாம். தகடுகளோ அவள் கொண்டுவந்தவை. ரவையும் நீரும் மட்டும் சேர்ந்தவை, முட்டை கலவாதவை. பாற்கட்டி வாங்குவதிலேதான் சிரமப்பட்டோம். இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ பாற்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைக் கொண்டே திரளச் செய்கிறார்கள். எனவே தாவர உணவென்று உறையிலே குறித்திருந்த ஒன்றைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன்.

ஒரு கிலோ தக்காளியை உள்ளியுடன் சுண்டக் காய்ச்சினாள். ஐம்பது கிராம் பட்டரை உருக்கி, அதே அளவு கோதுமை மாவை அதில் வறுத்து, அரை லீற்றர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டிபடாமற் கிண்டினாள். எவர்சில்வர்த் தட்டிலே குழம்பு, தகடு, பொரித்த கத்தரிக்காய், வெண்குழம்பு, பாற்கட்டி என்று நான்கு அடுக்கு எழுந்தது. 180 பாகை வெப்பத்தில் நாற்பது நிமிடம் போறணையில் வைத்தாள். வெளியே எடுத்தபின்னும் கால்மணி நேரம் எவரையும் தொட விடவில்லை. உடனே வெட்டினால் அடுக்குக் குலைந்துவிடுமாம்.

காத்திருந்த வேளையில் தட்டின் ஓரத்திற் கருகியிருந்ததைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணா, வேலைக்குப் போன முதல் வருடம் அந்த அம்மாவின் வீட்டில் இந்தத் தட்டைக் கழுவுவதுதான் என் வேலை. ருசி தெரியமுதல் கரிதான் தெரியும்." மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை.

அம்மா இரண்டு துண்டு உண்டார். எங்கள் வீட்டில் அது பெரிய சான்றிதழ்.

அன்றிரவுதான் வழக்கு எழுந்தது. மிஞ்சியதை மேசைமேல் மூடி வைத்துக் காலையிற் சூடு காட்டலாம் என்றார் அம்மா. தங்கை ஒப்பவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள், நம்மூர்க் கடும் வெக்கையாயின் ஒரு மணிக்குள், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும் என்றாள். அம்மாவின் முறையை நான் இகழமாட்டேன். வேளைக்கு வேளை கொதிக்கவைத்த நீர்க்குழம்பை உண்டே நாங்கள் வளர்ந்தோம். ஆனால் இது தடித்த பாளம். நடுப்பகுதி ஆறுவதற்கு நெடுநேரம் செல்லும்; அந்த இளஞ்சூட்டிலேதான் கிருமிகள் பெருகும். அவற்றுட் சில விடும் நஞ்சு பின்னர் எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. துண்டு துண்டாக வெட்டி ஆழமற்ற பெட்டிகளில் இட்டால் விரைவிற் குளிரும். 4 பாகையில் மூன்று நான்கு நாள் வைத்திருக்கலாம். உறைபெட்டியிலாயின் இரண்டு மூன்று மாதம் சுவை கெடாது.

பெட்டிகள் போதாமையால் எஞ்சிய பகுதியைத் தட்டோடு வைத்து, மேலே அலுமினியத் தாளைப் போர்த்தினோம். காலையிற் பார்த்தால், குழம்பு தொட்ட இடமெல்லாம் தாளிலே ஊசித்துளைகள்! "கரப்பான் வேலை" என்றார் அம்மா. இரசாயனம் கற்பிக்கும் எனக்கோ கொண்டாட்டம். உருக்குத் தட்டு ஒரு மின்வாய், அலுமினியம் மற்றொன்று, உப்பும் புளிப்புமுள்ள தக்காளிக் குழம்பு மின்பகுபொருள். இரவு முழுவதும் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு மின்கலம் இயங்கியிருக்கிறது! அலுமினியம் கரைந்து துளையாயிற்று. கறை பட்ட மேற்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு மற்றதை உண்டோம். மாணவர்கள் வீட்டிற் செய்து பார்க்கலாம். ஆனால் சமையலுக்குக் கண்ணாடித் தட்டே நல்லது.

தங்கை திரும்பிப் போனாள். உறைபெட்டியில் ஒரேயொரு துண்டு எஞ்சியிருந்தது. "நல்ல நாளில் சாப்பிடுவம்" என்று அம்மா அதைத் தொடவிடவில்லை. தீபாவளியும் வந்து போயிற்று.

கார்த்திகை மழையில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன். துண்டு நீர்விட்டு வெதுவெதுப்பாய்க் கிடந்தது.

"வடிவாய்ச் சூடாக்கினால் சரிவராதோ, தம்பி?"

"வேண்டாம் அம்மா. இனி வயிற்றுக்கு ஆகாது."

அவர் வாதாடவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு போய் வாழையடியில் தாமே குழிவெட்டிப் புதைத்தார். பெட்டியைச் சாம்பலிட்டு இருமுறை கழுவி வெயிலிற் கவிழ்த்து வைத்தார்.

அன்று மாலை பலெர்மோவிலிருந்து தொலைபேசி வந்தது. மின்தடையைப் பற்றி விசாரித்தபின் தங்கை அந்தத் துண்டைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும்.

"சாப்பிட்டிட்டன், பிள்ளை. முந்தினதைவிட ருசியாயிருந்தது" என்றார் அம்மா.

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.