அட்டையில் ஒரு பெயர்

2025 ஆடி மாதம், ஒரு மதியம் போன் வந்தது. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்ததால் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. கொல்லைப்பக்கம் போய் மறுபடி கேட்டேன். நான் படம் வரைந்த சிறுவர் புத்தகத்துக்கு ஒரு பரிசு. சென்னைக்கு வந்து மேடையில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். "சரிங்க, ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை.

சந்தோஷம் இல்லாமல் இல்லை. சொன்னால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்களே என்ற கூச்சம். எங்கள் ஆர்.கே.பேட்டையில் ஒரு பையன் போலீஸ் வேலைக்குத் தேர்வானால் கூட்டாளிகள் பேனர் வைத்துவிடுவார்கள். பெண்ணின் படம் பேனரில் வருவது மஞ்சள் நீராட்டுக்கும் கல்யாணத்துக்கும். அவள் தன் கையால் செய்த எதற்காகவும் பேனர் வைத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் முன்பு கைத்தறி இருந்தது. தறிக்குழியில் அப்பா உட்காருவார். அம்மா விடியற்காலையில் ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றுவாள். பாவுக்குக் கஞ்சி போடுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும் அவள்தான். நடுவில் உலையும் வைப்பாள். சங்கத்துப் பாஸ்புத்தகத்தில் இருந்தது அப்பா பெயர். கூலியும் அவர் கைக்கு வந்தது. யாராவது கேட்டால் அம்மாவே, "நெய்யறது அவரு. நான் சும்மா கூடமாட ஒத்தாசை" என்பாள்.

அந்தச் 'சும்மா' எனக்கும் ஒட்டிக்கொண்டது. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021இல் தொடங்கிய பிறகு நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலையில் வரும் பிள்ளைகளுக்காகப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கதைப் படங்கள் வரைவேன். பார்த்தவர்கள் பாராட்டினால், "சும்மா கிறுக்கறேங்க" என்பேன். பிறகு ஒருவர் கதை எழுத, நான் படம் வரைய, புத்தகம் வந்தது. முப்பத்திரண்டு பக்கத்தில் எழுத்து இருநூறு வார்த்தைகூட இருக்காது; மீதியெல்லாம் படம். அட்டையில் கதை எழுதியவர் பெயர் மட்டும் இருந்தது. என் பெயர் உள்ளே, அச்சக முகவரிக்குக் கீழே, பொடி எழுத்தில். நான் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் நான் திரும்பத் திரும்பப் புரட்டிய புத்தகம் ஒன்று உண்டு. சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட 'ஃபாலோயிங் மை பெயின்ட் பிரஷ்'. பீகாரின் மதுபனி மாவட்டம் ராந்தி கிராமத்து துலாரி தேவி தன் வாழ்க்கையைப் படங்களாக வரைந்து சொன்ன சிறுவர் புத்தகம். கீதா உல்ஃப் அதை எழுத்தாக்கியிருக்கிறார். அட்டையில் இருவர் பெயரும் இருக்கிறது.

துலாரி மீனவச் சாதியான மல்லா சமூகத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. சிறு வயதிலேயே கல்யாணம். பிறந்த குழந்தையையும் பறிகொடுத்துத் தாய்வீடு திரும்பினார். வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்து பிழைத்தார். அப்படி அவர் வேலை செய்த வீடு, மதுபனி ஓவியத்தில் பெயர்பெற்ற மகாசுந்தரி தேவியுடையது. பெருக்கித் துடைக்கும்போது அங்கே பெண்கள் வரைவதைப் பார்த்தார். தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். கற்றுக்கொடுத்தவர்களும் அந்த வீட்டுப் பெண்கள்தான்.

சுவரில் வரைந்துவந்த மிதிலைப் பெண்கள் 1960களின் பஞ்ச காலத்தில் பிழைப்புக்காகக் காகிதத்தில் வரையத் தொடங்கினார்கள். முதலில் வெளியே தெரிந்தவர்களில் பெரும்பாலோர் பிராமண, காயஸ்த வீட்டுப் பெண்கள். மகாசுந்தரி தேவிக்கு 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்த துலாரிக்கு 2021இல் கிடைத்தது. ஒரே வீட்டு வாசலில் அந்த விருது இரண்டாம் முறை நுழைய பத்து வருஷம் ஆனது. எங்கள் தெருவும் பின்தங்கிய தெருதான். ஆனாலும் துலாரி தாண்டி வந்ததும் நான் தாண்ட வேண்டியதும் ஒன்றல்ல. எனக்கு யார் வீட்டிலும் பாத்திரம் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. அவரே தன் கதையைத் தன் பெயரில் சொல்லியிருக்கும்போது, எனக்கு என்ன கூச்சம்?

2025 பிப்ரவரியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் அன்று கட்டியது துலாரி தேவி வரைந்து கொடுத்த சேலை. அன்று டிவியில் அவர் பெயர் பலமுறை வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா சேலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கைத்தறி மாதிரி கீதே, எவ நூல் சுத்துனாளோ" என்றாள். நான் பார்த்த செய்தி எதிலும் நெய்தவர் பெயர்கூட வரவில்லை. நூல் சுற்றியவள் எங்கே வரப்போகிறாள்?

துணியையும் படத்தையும் பெயரையும் சேர்த்து யோசித்தபோது ஃபெயித் ரிங்கோல்டும் நினைவுக்கு வந்தார். 1930இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினப் பெண் ஓவியர். துணியை ஒட்டுப்போட்டுத் தைத்த மெத்தை விரிப்புகளில் கதை சொன்னவர். அப்படியொரு விரிப்பிலிருந்து பிறந்த 'தார் பீச்' என்ற சிறுவர் புத்தகம் 1991இல் வந்து, மறு வருஷமே கால்டெகாட் ஹானர் பெற்றது. அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அவருடைய முதல் விரிப்பை 1980இல் கூடவே தைத்தவர் அவர் அம்மா வில்லி போசி. ஆடை வடிவமைப்பாளர், தையல்காரர். மகளைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு அந்த அம்மாவின் பெயரும் கிடைக்கிறது. அதனால் மகளின் பெயர் ஒன்றும் சிறுத்துவிடவில்லை.

பத்தாம் நாள் பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். கை நடுங்கியது. அடுத்த அச்சில் என் பெயர் அட்டையில் வர வேண்டும் என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நீங்க கேட்கவே இல்லையேம்மா" என்றார்கள். உண்மைதான், கேட்கவில்லை. ஆனால் கதை எழுதியவரும் கேட்டிருக்க மாட்டார். அவர் பெயர் தானாகவே அட்டைக்குப் போயிருந்தது. இதையும் சொன்னேன். சரி என்றார்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் பரிசைச் சொன்னேன். "இன்னாத்துக்குடி இதையெல்லாம் ஊர் பூரா சொல்லிக்கினு?" என்று முதலில் கேட்டவளும் அவள்தான்; அரை மணி நேரத்தில் நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தவளும் அவள்தான்.

இப்போது தறி வீட்டைப் பற்றி ஒரு புத்தகம் வரைகிறேன். இம்முறை கதையும் என்னுடையது. தாரும் ராட்டையும் எப்படி இருக்கும், எந்தக் கை எதைப் பிடிக்கும் என்று பக்கத்துக்குப் பக்கம் திருத்தம் சொல்வது அம்மா. "உன் பேரும் அட்டையில வரும்" என்றேன்.

"இனிஷியல் இன்னா போடுவ? எங்கப்பாவுதா, உங்கப்பாவுதா?"

"உனக்கு எது வேணும்?"

ரொம்ப நேரம் யோசித்தாள். "ரெண்டும் வாணாம். பேரு மட்டும் போடு."

இந்தக் கட்டுரையில் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. அதுவும் அவள் சொன்னதுதான்: வீட்டுச் சங்கதி பேசுகிற இடத்தில் வேண்டாமாம், பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற இடத்தில் இருந்தால் போதுமாம்.