இரண்டாம் இசைத்தட்டு

பெற்றோர் தம் மக்களுக்கு இழைக்கும் தீங்குகளுள் பெரும்பாலானவை அன்பின் பெயராலேயே இழைக்கப்படுகின்றன. இதனை நான் ஏட்டில் படித்து அறிந்தேனல்லேன். என் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியால் அறிந்தேன். அதனை ஒளிக்காது இங்கே எழுதுகின்றேன்.

என் இளைய மகனுக்கு வயது 19. அவனும் அவன் தோழர் மூவரும் ஓராண்டாகக் கிதாரும் டிரம்மும் பழகி, சென்ற ஆண்டு உறவினர் இல்ல விழாவொன்றில் முதன்முதலாக மேடையேறினர். இரண்டாம் பாட்டின் நடுவே ஒலிபெருக்கி பழுதுற்றது. அவர்கள் அதனைச் சரிசெய்து மீண்டும் தொடங்குமுன் கூட்டத்தார் எழுந்து பந்திக்குச் சென்றுவிட்டனர். சென்றவர்களுள் நானும் ஒருவன். வீடு திரும்பிய பிள்ளை ஒரு வார்த்தையும் பேசாது கிதாரை உறையிலிட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினான். நான் ஆறுதல் கூறினேனா? இல்லை. "நல்லதாயிற்று, தம்பி, இனிப் பாடப் புத்தகத்தைப் பார்" என்றேன். உள்ளத்தில் மகிழ்ச்சியும் கொண்டேன். தோட்டத்து லயத்தில் பிறந்து, கணக்கெழுதிப் பிழைத்து, நகரத்தில் ஒரு வீடு கண்டவன் நான். வயிற்றுக்கு உதவாத கலையெல்லாம் வீண் என்னும் எண்ணம் என்னுள் ஊறிப் போயிருந்தது.

சில திங்கள் கழித்து ஒரு மாலை அவன் என்னிடம் வந்து, "அப்பா, இதை ஒருமுறை முழுதும் கேளுங்கள், பிறகு நான் உங்களை ஒன்றும் கேட்கமாட்டேன்" என்றான். அது சுவீடன் நாட்டு 'யூரோப்' என்னும் குழுவினர் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'விங்ஸ் ஆஃப் டுமாரோ' என்னும் இசைத்தொகுப்பு; அவர்தம் இரண்டாம் படைப்பு.

இரைச்சலையே எதிர்பார்த்து அமர்ந்தேன். முதற்பாட்டாகிய 'ஸ்டார்ம்விண்ட்' பெருமுழக்கத்துடனேதான் வந்தது. ஆயின், அம்முழக்கத்தின் நடுவே ஒரு மெட்டு அறுபடாமல் ஓடக் கண்டேன். 'ஓப்பன் யுவர் ஹார்ட்' என்னும் பாட்டு மெல்லெனத் தொடங்கி, பின்னர் மடைதிறந்தாற்போல் பெருகிற்று. 'அஃபேசியா' என்பதிலோ குரலே இல்லை. கிதார் ஒன்றே பேசுகின்றது. 'டிரீமர்' பியானோவோடு இழைந்து வரும் சோகப் பாட்டு. பத்துப் பாட்டும் முடிந்தபொழுது, "இதைப் பாடியவர் யார்?" என்று நானே வினவினேன்.

என் மகன் சொல்லக் கேட்டு, பின்னர் நானும் தேடிப் படித்தறிந்தவை இவை: அவர்கள் ஸ்டாக்ஹோமுக்கு வடக்கேயுள்ள உப்லாண்ட்ஸ் வேஸ்பி என்னும் ஊரினர். 1979 இல் 'ஃபோர்ஸ்' என்ற பெயரில் கூடினர். 1982 இல் நாடு முழுமைக்குமான 'ராக்-எஸ்எம்' என்னும் போட்டியில் வென்றனர். இசைத்தட்டு வெளியிடும் வாய்ப்பே பரிசு. அப்பரிசினால் 1983 இல் முதல் தட்டு பிறந்தது. முதலாவது பரிசாக வந்தது. இரண்டாவதையோ உழைப்பினால் ஈட்டவேண்டியிருந்தது. அபா குழுவினர் அமைத்த போலார் ஒலிப்பதிவுக் கூடத்தில், லீஃப் மாசெஸ் என்பாரின் மேற்பார்வையில் அதனைச் செய்தனர். பாட்டுக்களில் மிகப் பலவற்றை இயற்றிப் பாடிய ஜோயி டெம்பெஸ்டுக்கும், கிதார் வாசித்த ஜான் நோரமுக்கும் அப்பொழுது வயது ஏறத்தாழ 20. கீபோர்டு வாசிக்கத் தனியே ஆள் இல்லாமையால் பாடகரே அதனையும் வாசித்தார். அவர்களை உலகம் அறிந்தது 1986 இல் வெளிவந்த மூன்றாம் தட்டாகிய 'தி ஃபைனல் கவுன்ட்டவுன்' என்பதனாலேயே. 'ஓப்பன் யுவர் ஹார்ட்' பாட்டையோ, 1988 இல் புதிதாகப் பதிவுசெய்து மீண்டும் வெளியிட்டனர். முதன்முறை போதிய செவிகள் வாய்க்காத பாட்டு, செத்த பாட்டு அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றுமொன்று என் சிந்தையைக் கவர்ந்தது. சுவீடனில் நகராட்சிகளே பிள்ளைகளுக்கு இசைப்பள்ளி நடத்துகின்றன. பலவிடங்களில் கருவிகளும் இரவலாகக் கிடைக்கும். வாலிபர் கூடிப் பழகும் குழுக்களுக்குக் கல்விச் சங்கங்களின் வாயிலாகப் பொதுப்பணம் உதவுகின்றது. பிறப்பாலோ பணத்தாலோ கலை ஒருவருக்கு உரிமையாவதில்லை என்பதை அந்நாட்டார் வாயாற் பேசியதோடு நில்லாமல், செலவிட்டும் காட்டினர். நாமோ சமத்துவத்தை மேடையிலே முழங்குகின்றோம். வீட்டிலே பிள்ளையின் கிதார் மௌனமாவது கண்டு மகிழ்கின்றோம். நாம் என்று ஏன் சொல்லவேண்டும்? நான் மகிழ்ந்தேன்.

அன்றிரவு கட்டிலுக்கடியிலிருந்து கிதாரை எடுத்துப் பார்த்தேன். கம்பிகளில் துருவேறியிருந்தது. மறுநாள் பட்டணத்துக் கடையில் புதுக் கம்பிகள் வாங்கி வந்து அவன் மேசைமேல் வைத்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் இப்பொழுது நால்வரும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழகுகின்றனர். அண்டைவீட்டார்க்கு நானே சமாதானம் சொல்லி வருகின்றேன்.

அவர்கள் புகழ் பெறுவரோ, பெறாரோ, அறியேன். அது என் கவலையும் அன்று. அடுத்த முறை அவர்கள் மேடையேறும்பொழுது, இலை போட்டாயிற்று என்று யார் வந்து அழைத்தாலும், கடைசிப் பாட்டு முடியுமட்டும் நாற்காலியை விட்டு எழேன்.