ரப்பர் பாலும் இரண்டு இயந்திரக் கைகளும்

ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்க்கும் இப்பதிவு.

கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். "சார், பையன் எந்நேரமும் கேம்தான், நீங்களாவது சொல்லுங்கள்" என்று பெற்றோர் முறையிடாத வாரம் இல்லை. அவர்கள் கவலை நியாயமானது. ஆயினும் எல்லா விளையாட்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட எனக்கு மனமில்லை.

நான் சொல்ல வருவது 'ஸ்பேஸ்கெம்' என்னும் புதிர் விளையாட்டு. அமெரிக்கரான சாக் பார்த் தம் 'சாக்ட்ரானிக்ஸ்' நிறுவனத்தின் வழி 2011 சனவரி முதல் நாளில் அதனை வெளியிட்டார். பொதுப் பள்ளிகளுக்குத் தம் விளையாட்டுகளை விலையின்றி வழங்கிய நிறுவனம் அது.

இதில் சுடுதல் இல்லை, ஓட்டம் இல்லை. பத்துக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட ஓர் உலை திரையில் விரியும். அதனுள் சிவப்பு, நீலம் என இரண்டு இயந்திரக் கைகள். அவற்றுக்கு 'வால்டோ' என்று பெயர். ராபர்ட் ஹைன்லைன் 1942இல் எழுதிய 'வால்டோ' என்னும் குறுநாவலிலிருந்து வழக்கத்திற்கு வந்த சொல். கட்டங்களின் மேல் அம்புக்குறிகளை வைத்து ஒவ்வொரு கைக்கும் நாம் பாதை வகுக்கிறோம். பாதையில் 'எடு', 'விடு', 'பிணை', 'பிரி', 'திருப்பு', 'காத்திரு' எனக் கட்டளைகளைப் பதிக்கிறோம். ஒரு வாயிலில் உயிர்வளி அணு வருகிறது. மறு வாயிலில் நீரகம் வருகிறது. உயிர்வளிக்கு இரண்டு பிணைப்பு, நீரகத்திற்கு ஒன்று என்னும் கணக்கு தவறாமல் சேர்த்தால் நீர் மூலக்கூறு வெளியேறும். ஒருமுறை செய்தால் போதாது. அதே பாதை சுழன்று சுழன்று பலமுறை பிழையின்றிச் செய்ய வேண்டும். இடையில் இரண்டு அணுக்கள் மோதிக்கொண்டால் உலை நின்றுவிடும்.

இதுவே நிரலாக்கம்! ஒரு வரிகூடத் தட்டச்சு செய்யாமல், மடக்கு, நிபந்தனை, ஒத்திசைவு மூன்றையும் பிள்ளை கையாள்கிறான். நம் பள்ளிகளில் 'ஸ்க்ராட்ச்' கட்டைகளை அடுக்கிப் பழகிய பிள்ளைக்கு இஃது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் 'ஸ்க்ராட்ச்' பூனை தவறான வழியில் நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே ஒரு கை மற்றொன்றுக்காகக் காத்திராவிட்டால் அனைத்தும் குலையும். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கே தலைசுற்றும் சிக்கல்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. தமிழ்ப்பள்ளியில் நம் பிள்ளை 'உயிர்வளி', 'கரிவளி' என்று படிக்கிறான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அவை 'ஒக்சிஜென்', 'கார்போன் டையோக்சிடா' என மலாய் உருவில் வருகின்றன. ஆறாண்டுகள் கற்ற சொல்லெல்லாம் வீணோ என்று சோர்ந்துபோன பிள்ளைகளை நான் அறிவேன். அந்தச் சோர்விலேயே படிவம் நான்கில் வேதியியல் பக்கம் போகாமல் ஒதுங்கியவர்களும் உண்டு. இவ்விளையாட்டின் அணுக்கள் மேல் 'ஓ', 'எச்', 'சி' என்னும் குறியீடுகளே நிற்கின்றன. என்னிடம் படித்து இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கும் மாணவன் ஒருவன் விளையாடியபடியே, "சார், உயிர்வளிக்கு இரண்டு கைதானே?" என்று கேட்டான். கையில் இருந்தது ஆங்கில விளையாட்டு, பள்ளியில் மலாய்ப் பாடநூல். கேள்வி மட்டும் தமிழில் வந்தது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கட்டத்தாளில் நீர் மூலக்கூறு நேர்கோடாகவோ செங்கோணமாகவோ அமையும். மெய்யான நீரின் கோணம் ஏறத்தாழ 104.5 பாகை. மீத்தேன் இங்கே தட்டையான சிலுவை. உண்மையில் அது நான்முகி. வெப்பம், ஆற்றல் பற்றிய பேச்சே இல்லை. பிந்தைய நிலைகளில் இரண்டு உயிர்வளி அணுக்களை இணைத்துக் கந்தகம் ஆக்கலாம்! எட்டும் எட்டும் பதினாறு என்னும் அணுவெண் கணக்கு சரிதான். ஆனால் அத்தகைய இணைவு மாபெரும் விண்மீன்களின் கருவில் நிகழ்வது, ஆய்வுக்கூடக் குடுவையில் அன்று. ஆகவே தேர்வுக்கு வேதியியல் படிக்க இது துணை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன்.

பின்னால் வரும் புதிர்களில் பல உலைகளைக் குழாய்களால் இணைக்க வேண்டும். சியாட்டல் நகரின் பழைய எரிவாயு ஆலைப் பூங்காவில் கண்ட குழாய்களே இதற்கு வித்து என்று பார்த் கூறியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குச் சியாட்டல் தோன்றவில்லை. தோட்டத்து ரப்பர் ஆலைதான் தோன்றியது. சுங்கை பாக்காப் வட்டாரத்தில் கரும்பு, ரப்பர், செம்பனை என மூன்று பயிர்களிலும் நம்மவர் உழைப்பு உண்டு. மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஆலையில் நீர் கலந்து வடிகட்டி, ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளையில் தகடாக்கி, புகையில் உலர்த்துவார்கள். ஒவ்வொரு நிலையும் முந்தியதற்காகக் காத்திருக்கும். பால் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. அமிலம் அம்மின்னூட்டத்தை நீக்கியதும் அவை ஒட்டிக்கொள்கின்றன. அந்த அமிலத்தின் மூலக்கூற்றில் ஐந்தே அணுக்கள்: கரிமம் ஒன்று, உயிர்வளி இரண்டு, நீரகம் இரண்டு. கட்டத்தாளில் வரைந்து, எது இரட்டைப் பிணைப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். மாணவர்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தனர். அவர்களுள் ஒருத்தியின் பாட்டி பால்மரம் வெட்டியவர். "பாட்டி கையில் இந்த நாற்றம் இருக்குமாம், சார்" என்றாள்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு இது கடினம். பெரியவர்களும் நடுவழியில் விட்டுவிடுவார்கள். ஒரு கணினிக்கு இருவராக அமர்த்துங்கள்: சிவப்புக் கை ஒருவருக்கு, நீலக் கை மற்றவருக்கு. முடித்தபின் மற்றவர்கள் எத்தனை சுழற்சியில், எத்தனை குறியீட்டில் முடித்தார்கள் என்று பட்டை வரைபடம் காட்டும். அதில் பெயரோ தரவரிசையோ இல்லை. தாம் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே பிள்ளைகள் மீண்டும் திருத்தத் தொடங்குகிறார்கள். கட்டத்தாளும் கரிக்கோலும் பக்கத்தில் இருக்கட்டும். கணினி இல்லாத வீட்டில் அவற்றைக் கொண்டே பாதி விளையாடிவிடலாம்.