பண்டம் உறுப்பான கதை

கி.மு. இரண்டாம் நூற்றாண்டு ரோமில் அரசியலில் கறாரானவர் என்று பெயரெடுத்த கேட்டோ, சமையல் குறிப்பிலும் கறார்தான். வேளாண்மை பற்றி அவர் எழுதிய நூலில் 'பிளாசென்டா' என்ற பண்டத்துக்குச் செய்முறை இருக்கிறது. மெல்லிய மாவுத் தகடுகளுக்கு இடையே செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியும் தேனும் கலந்து அடுக்கடுக்காக வைத்து, நிதானமாகச் சுட வேண்டும். பாலாடைக்கட்டி மட்டும் 14 ராத்தல். எத்தனை பேர் சாப்பிட்டார்களோ! ருமேனியாவில் இன்றும் 'பிளச்சிந்தா' விற்கிறார்கள், அதே பெயரின் வாரிசாக.

இத்தாலிய உடற்கூறியலாளர் ரியால்டோ கொலம்போவின் நூல் 1559இல் வெனிஸில் அச்சானது. குழந்தை பிறந்தபின் வெளிவரும் உறுப்புக்கு அதில்தான் இந்தப் பண்டத்தின் பெயர் வந்தது. வட்டம், தட்டை, சுமார் அரைக் கிலோ எடை: பார்த்த மாத்திரத்தில் தோன்றியதைச் சொல்லிவிட்டார்.

பிறகு தாவரவியலார் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பூவின் சூலகத்துக்குள் சூல்கள் ஒட்டியிருக்கும் இடமும் பிளாசென்டாதான். பட்டாணியில் அது நெற்றின் ஓரமாக ஓடும் ஒரு கோடு; பப்பாளியில் உட்சுவர். வட்டமுமில்லை, தட்டையுமில்லை. உருவத்துக்கு வைத்த பெயரில் உருவம் போய், ஊட்டும் வேலை மட்டும் நின்றது. ஒரு வேறுபாடும் உண்டு. மனிதரில் இந்த உறுப்பைத் தாயும் கருவும் சேர்ந்தே உண்டாக்குகின்றன. செடியிலோ அது முழுக்கத் தாயின் திசு.

தமிழில் செடிக்குச் 'சூல் ஒட்டுத்திசு' என்று பாடநூல்கள் சொல்கின்றன. பொருத்தம்தான், பெண்ணுக்கும் பயிருக்கும் சூல் என்பது நமக்குப் பழைய வழக்கு. மனிதருக்குச் சொல்லும் 'நஞ்சுக்கொடி'யில்தான் எனக்கு மனத்தாங்கல். பத்து மாதம் ஊட்டியதற்கா நஞ்சு என்று பெயர்? உள்ளே தங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து என்ற பயத்தில் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். மாட்டுக்கு மட்டும் 'இளங்கொடி' என்று அழகாகச் சொல்லி, வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிறோம்.

சமையலறையிலும் செடியின் பிளாசென்டாவுக்கு ஒரு வேலை உண்டு. மிளகாயின் காரம் ஊறுவது விதையில் அல்ல, விதைகள் ஒட்டியிருக்கும் அந்த வெளிர்ச் சதையில், அதாவது பிளாசென்டாவில். விதையில் இருப்பது அங்கிருந்து ஒட்டிய காரம்தான். ஆகவே, குழந்தைகளுக்காகக் காரத்தைக் குறைப்பவர்கள் விதையைத் தட்டிக் கொட்டியதோடு நிறுத்தாமல், அந்தச் சதையையும் வழித்துப் போடுங்கள்.